கோஷா ஆஸ்பத்திரி சொல்லும் பாடம்

சென்னை திருவல்லிக்கேணியில் அரசு கஸ்தூர்பா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை இருக்கிறது. ஆனால் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றால்தான் பலருக்குச் சட்டென்று புரியும். நம் அங்கத்தினர்களில் சிலர் அங்கேயே பிறந்தவர்களாகவும் இருக்கலாம்.

'கோஷா' என்ற பாரசீகச் சொல்லுக்கு மூலை என்று பொருள். அந்நிய ஆடவர் பார்வையில் படாமல் வாழ்ந்தவர்களைக் கோஷா ஸ்திரீகள் என்றார்கள். 1885-ல் நுங்கம்பாக்கத்தில் இந்த ஆஸ்பத்திரி தொடங்கியபோது, 'சாதி மற்றும் கோஷா ஸ்திரீகளுக்கானது' என்பது அதன் பெயரிலேயே இருந்தது. சாதி ஸ்திரீகள் என்றால் மேல்சாதி ஹிந்துப் பெண்கள். நம் அக்ரஹாரத்துப் பாட்டிமார்களும் இதில் அடக்கம்.

எழும்பூரில் 1844 முதலே பிரசவ ஆஸ்பத்திரி உண்டு. பிறகு தனியாக ஒன்று எதற்கு? டாக்டர்கள் ஆண்கள், ஆகவே ஆசாரமான குடும்பங்களும் கோஷா குடும்பங்களும் பெண்களை அங்கே அனுப்பவில்லை. சிக்கலான பிரசவத்தில் தாயும் சேயும் வீட்டிலேயே மாண்டார்கள்.

சென்னையில் பாரிஸ்டராக இருந்தவரின் மனைவி மேரி ஷார்லீப், 1866-ல் இங்கு வந்தவர். இந்தக் கொடுமையைக் கேள்விப்பட்டுத் தாமே டாக்டராகத் தீர்மானித்தார். சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபரின் ஆதரவோடு 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவரான மேரி, பின்னர் லண்டனிலும் பட்டம் பெற்று 1883-ல் திரும்பினார். இரண்டே வருஷத்தில் இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். வெங்கடகிரி ராஜா ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை தர, 1890-ல் அது சேப்பாக்கத்துக்கு இடம் மாறியது.

ஆனால் தலைநகரில் ஓர் ஆஸ்பத்திரி வந்தால் போதுமா? 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில், மிஷனரி டாக்டர் ஜான் ஸ்கடரின் வீட்டுக் கதவை ஒரே இரவில் மூன்று பேர் தட்டினார்கள். அவர்களில் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். டாக்டர் தாமே வரத் தயார். கணவர்களோ டாக்டரின் மகள் ஐடா வந்தால்தான் ஆகும் என்றார்கள். ஐடா அப்போது மருத்துவம் படித்தவரே அல்ல. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த ஐடாதான் அமெரிக்காவில் படித்துத் திரும்பி, வேலூரில் மருத்துவமனையும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் நிறுவினார்.

1994-ல் தடேயஸ், மெய்ன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தாய்மார் மரணத்துக்குக் காரணமான மூன்று தாமதங்களைச் சொன்னார்கள்: வைத்தியம் தேட முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். திண்டிவனத்தில் டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். தாமதம் வீட்டுக்குள்ளே, நம் மனத்துக்குள்ளே இருந்தது.

மேரி ஷார்லீப் ஆசாரத்தோடு சண்டைக்குப் போகவில்லை. அதை அனுசரித்து ஒரு வாசலைத் திறந்தார். பெண்கள் உள்ளே வந்தார்கள். 'சாதி' என்ற அந்தப் பெயர்ப்பலகையில் தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு இடமில்லை என்பதையும் நாம் மறைக்கக்கூடாது. 1948-ல் கஸ்தூர்பாவின் பெயர் வந்தது. இன்று அது எல்லோருக்குமான ஆஸ்பத்திரி.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. நான் வசிக்கும் அத்திபெலே தமிழக எல்லையில் இருக்கிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு, ஹிந்தி எல்லாம் இங்கே கேட்கும். டாக்டரிடம் போனால் மாமியின் உபாதையைப் பிள்ளையோ மாட்டுப்பெண்ணோதான் சொல்கிறார்கள். மார்பில் கட்டி, உதிரப்போக்கு போன்றவற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு எந்த மாமி வாய் திறந்து சொல்வாள்? மாதக்கணக்கில் மறைத்துவிடுகிறாள். மார்பகப் புற்றுநோய் ஆரம்பத்திலேயே தெரிந்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம் என்பது நாம் அறிந்ததே.

ஆகவே அங்கத்தினர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். வீட்டுப் பெரியவர்களை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, அவர்கள் பாஷை தெரிந்த ஒரு பெண்மணியையும் உடன் அனுப்புங்கள். ஐந்து நிமிஷமாவது அவர்களை டாக்டரிடம் தனியாகப் பேச விடுங்கள். செலவில்லாத காரியம், ஓர் உயிரைக் காக்கலாம்.