சேப்பாக்கத்து நம்பர் ஒன் யாரு?

போன ஞாயிறு ஆம்பூர்ல பிரியாணி பார்சல் கட்டிக்கிட்டு நாலு பேர் ஏலகிரி ஏறினோம். பொன்னேரி தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவிலேயே சண்டை ஆரம்பிச்சாச்சு. தமிழ்நாட்டோட ஆகச் சிறந்த பந்துவீச்சாளர் யாரு? மொத்தம் 14 வளைவு, எதுக்கு எந்தப் புலவர் பேருன்னு ஒருத்தனும் பார்க்கலை. (ஊர் பூரா தோல் ஷாப்பு. ஆனா நாங்க சின்ன வயசுல தோல் பந்தைத் தொட்டது கிடையாது. ரப்பர் பந்து, கொஞ்சம் காசு சேர்ந்தா கார்க். அந்தத் தகுதியில்தான் இந்தத் தீர்ப்பெல்லாம் :-))

வண்டி ஓட்டின நண்பன் ஒரே வார்த்தைல முடிச்சான். "அஸ்வின். 106 டெஸ்ட், 537 விக்கெட். அடுத்தவன் பேசு."

பேசினேன். 537ல 383 இந்தியாவில எடுத்தது. அதோட டி.ஆர்.எஸ். இருந்த காலம். முன்காலை நீட்டித் தடுக்கிறவனுக்கு எல்.பி. கொடுக்க அந்தக் கால அம்பயருக்கு மனசே வராது. அப்படிப்பட்ட காலத்துல வெங்கட்ராகவன் 57 டெஸ்ட்ல 156 எடுத்தார். 1971ல வெஸ்ட் இண்டீஸ்ல நாம முதல்முதலா தொடரை ஜெயிச்சப்போ 22 விக்கெட், நம்ம பக்கம் அவர்தான் அதிகம். அதே ஆஃப் ஸ்பின் போட பிரசன்னா வேற இருந்தார். அணியில இடத்துக்கே போட்டி. அஸ்வினுக்கு அந்தத் தலைவலி இந்த அளவுக்கு இல்லை.

அமெரிக்காவில பேஸ்பாலுக்கும் இதே பஞ்சாயத்துதான். 511 ஆட்டம் ஜெயிச்ச சை யங்கா, முழங்கை வலியால 30 வயசுல விலகின சாண்டி கோஃபாக்ஸா? 1968ல பந்து வீசுறவங்க கை ரொம்ப ஓங்கிப்போச்சுன்னு அடுத்த வருஷமே அவங்க நிக்கிற மேட்டோட உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 ஆக்கிட்டாங்க. மேட்டையே வெட்டினப்புறம் முன்னே ஆடினவனையும் பின்னே ஆடினவனையும் எந்த அளவுகோலால ஒப்பிடறது?

பின்சீட்ல இருந்த பாய், எங்களுக்கெல்லாம் மூத்தவர், மெதுவா கேட்டார்: "ராம்சிங் பேரை யாரும் எடுக்கலையே?"

ஏ.ஜி.ராம்சிங். 1934 நவம்பர்ல சேப்பாக்கத்துல மெட்ராஸும் மைசூரும் ஆடினதுதான் முதல் ரஞ்சி ஆட்டம். ஒரே நாள்ல முடிஞ்சது. அதுல 11 விக்கெட் இந்த இடதுகைக்காரருடையது. ஒரு டெஸ்ட்கூட ஆடலை. பின்னாடி அவர் மகன்கள் கிருபால் சிங், மில்கா சிங் ரெண்டு பேரும் இந்தியாவுக்கு ஆடினாங்க.

அப்போதான் எனக்கு அப்பா ஞாபகம் வந்துச்சு. அவர் கட்சி எப்பவும் வி.வி.குமார். லெக் ஸ்பின் பத்தி ஆரம்பிச்சா சோறு ஆறிடும். ஒருநாள் நான், "ரெண்டு டெஸ்ட் ஆடினவரைப் பத்தி என்னப்பா பெரிய பேச்சு?"ன்னு சிரிச்சுட்டேன். அதுக்கப்புறம் அவர் என்கிட்ட கிரிக்கெட்டே பேசலை. இப்போ பேச அவர் இல்லை.

அவர் போனப்புறம்தான் கணக்கைப் பார்த்தேன். 1961 பிப்ரவரி, டெல்லி, பாகிஸ்தானுக்கு எதிரா முதல் டெஸ்ட்: முதல் இன்னிங்ஸ்ல 5, அடுத்ததுல 2. அதே வருஷம் பம்பாய்ல இங்கிலாந்துக்கு எதிரா விக்கெட் விழலை. அவ்வளவுதான், கதவு மூடியாச்சு. கொஞ்ச நாள்ல சந்திரசேகர் வந்தார். குமார் அதுக்காக உட்கார்ந்துடலை. 1970கள் வரைக்கும் போட்டுக்கிட்டே இருந்தார். ரஞ்சியில 400 விக்கெட்டைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். ரஞ்சியில 417, முதல்தர ஆட்டங்கள்ல மொத்தம் 599.

என் ஓட்டு இன்னும் வெங்கட்டுக்குத்தான். வித்தை காட்டாம ஒரே இடத்துல மணிக்கணக்கா போடுற ஆளை எனக்குப் பிடிக்கும். ஆனா ரெண்டு டெஸ்ட்டுன்னு சிரிச்சது தப்பு. வாய்ப்பு கொடுக்காதது தேர்வுக்குழு, பழியை அவர் தலையில போட்டது நான்.

புங்கனூர் ஏரிக்கரையில பார்சலைப் பிரிச்சோம். பிரியாணி ஆறிப்போயிருந்துச்சு. நண்பன் எலும்பைக் கடிச்சுக்கிட்டே மறுபடியும், "என்ன சொன்னாலும் 537டா..." என்றான். பாய் அவன் இலையில இன்னொரு துண்டை வெச்சு, "முதல்ல சாப்பிடு தம்பி" என்றார்.