பிரேக் காற்றகற்றல்

பிரேக் காற்றகற்றல் என்பது ஹைட்ராலிக் பிரேக் குழாய்களில் புகுந்த காற்றையும் பழைய எண்ணெயையும் வெளியேற்றும் வாகனப் பராமரிப்புப் பணி. காற்று அமுங்கும் தன்மையுடையதால் பெடல் மெத்தென்று இறங்கி, பிடிப்பு குறையும். பேட் மாற்றியதற்காக மட்டும் இது கட்டாயமன்று. குழாய் கழற்றப்பட்டிருந்தாலோ, பெடல் இறுகாவிட்டாலோ தேவைப்படும்.

முறை: வீட்டில் இதை இருவர் செய்வது வழக்கம். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் காலிப்பரின் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழிகளோடு எண்ணெய் வெளியேறியதும் இறுக்குவார். அதன் பின்னரே பெடல் விடப்படும். பல வாகனங்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் பணி தொடங்கும். எண்ணெய்த் தொட்டி இடையில் வற்றக் கூடாது.

எண்ணெய்: டாட் 3 வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை 205° செ.; ஈரம் ஏறிய நிலையில் 140° செ. இவ்வெண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், மட்டக்களப்பு வாவிப் பகுதியிலுள்ள சித்தாண்டி போன்ற ஈரப்பதம் மிக்க ஊர்களில் உரிய காலத்தில் மாற்றுவது முக்கியம்.