நஜீஸும் நோயறியும் கல்வியும்



ஆரணியில் பட்டுத் தறியிலேயே ஆயுளைக் கழித்த பெரியவர் ஒருவர், மருத்துவர் எழுதித் தந்த சிறுநீர்ப் பரிசோதனையை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார். "ஹஜ்ரத், நஜீஸைக் குப்பியில் ஏந்திக்கொண்டு கடைத்தெருவில் நடப்பதா?" என்று நம்மிடம் மஸ்அலாவாகவே கேட்டார்.

சிறுநீர் நஜீஸ் என்பதில் ஐயமில்லை. உடலிலோ ஆடையிலோ பட்டால் கழுவிய பின்னரே தொழ வேண்டும். ஆனால் அச்சட்டம் தூய்மைக்கானது, நோயறிவதைத் தடுப்பதற்கன்று. நம் முன்னோரின் வரலாறே இதற்குச் சான்று.

11ஆம் நூற்றாண்டில் இப்னு சீனா தமது 'அல்கானூன்' நூலில் சிறுநீருக்கென்றே தனிப்பகுதி ஒதுக்கினார். நிறம், தெளிவு, மணம், நுரை, வண்டல் ஆகியவற்றைப் பார்க்கக் கற்பித்தார். உண்ணும் முன், காலையின் முதல் சிறுநீரையே எடுக்க வேண்டுமென்றும் விதித்தார். பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவும் அந்நூலைப் பாடமாகப் பயின்றது.

கண்ணால் பார்த்ததை வேதியியல் பின்னர் அளக்கத் தொடங்கியது. சிறுகுடல் அடைபட்டால் சிறுநீரில் 'இந்திகான்' என்னும் பொருள் கூடுவதை 1877இல் ஜெர்மானிய அறிஞர் மேக்ஸ் யாஃபே கண்டறிந்தார். நாம் உண்ணும் புரதத்தின் ஒரு கூற்றைக் குடல் நுண்ணுயிரிகள் சிதைக்கின்றன. அது இரத்தத்தில் கலந்து, கல்லீரலில் உருமாறி, இந்திகானாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. குடலுக்குள் நடப்பதை வெளியே வந்து உரைக்கும் சாட்சி அது.

இவ்வரலாற்றில் நம் அண்டை ஊருக்கும் பங்குண்டு. 1960களின் தொடக்கத்தில், ஆரணியும் அடங்கியிருந்த அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் கிராமங்களில் 'ஸ்புரூ' என்னும் கொடிய குடல் நோய் பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பேக்கர், மாத்தன் ஆகியோர் அதனை ஆராய்ந்தனர். அவர்கள் ஆல்பர்ட்டுடன் இணைந்து 1980இல் 'நேச்சர்' இதழில் வியத்தகு உண்மையொன்றை வெளியிட்டனர்: சிறுகுடலில் வாழும் சில நுண்ணுயிரிகள், இரத்தம் ஊறத் தேவையான பி12 உயிர்ச்சத்தை ஆக்க வல்லவை. கண்ணுக்குத் தெரியாத படைப்பினத்தையும் நம் ரிஸ்குக்குக் காரணமாக்கிய ரப்பின் ஏற்பாட்டை என்னென்பது! சுப்ஹானல்லாஹ்.

இவற்றைக் கேட்ட பெரியவர் மறுநாளே பரிசோதனைக்குச் சென்றார். சிறுநீரில் புரதம் கசிந்திருந்தது. சிறுநீரகம் தளரத் தொடங்கியிருந்தது. சிறுநீரகம் தளர்ந்தால், முன் சொன்ன இந்திகானும் வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்கும். அவர் இப்போது மருந்தும் பத்தியமுமாக இருக்கிறார். ஆயினும் நாணத்தால் கழிந்த அம்மாதங்கள் திரும்பி வாரா.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நம் வீட்டுப் பெரியவர்கள் எவரேனும் இப்படித் தயங்கினால், நாமே உடன் அழைத்துச் செல்வோம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தை அருள்வானாக, ஆமீன்.