சேவல் ஒன்று போதும்

சின் மிங் அவென்யூவில் திரிந்த 24 கோழிகளைப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி 2017 பிப்ரவரித் தொடக்கத்தில் வந்தது. சத்தம் தாங்கவில்லை என்று அதற்கு முந்தைய ஆண்டில் அங்கிருந்து 20 புகார்கள் போயிருந்தன. இணையத்தில் எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான். செய்தியைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். 'அடப் பாவமே' என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அதுல சேவல் எத்தன?" என்றார்.

அப்படிக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

பாட்டி 1950களின் கடைசியில் நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறி வந்தவர். நீ சூன் பக்கம் ஒரு கம்பத்து வீட்டில் இருபது வருஷம் குடித்தனம். இருபது வருஷமும் கோழி இருந்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவரிடம் கோழிக்கென்று ஒரு முழுப் பாடத்திட்டமே உண்டு. அடைக்கு ஒற்றைப்படையில்தான் முட்டை வைக்க வேண்டும், கூடவே ஓர் இரும்புத் துண்டு, இடிக்கு முட்டை கெட்டுப்போகாமல் இருக்க. இரும்பு இடியைத் தடுக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் இடி இடிக்கும் ஊரில் 21 நாள் காத்திருக்க மனசுக்கு ஏதாவது பிடிமானம் வேண்டும்தானே. ஏழெட்டு நாள் கழித்து இருட்டில் விளக்குக்கு முன் முட்டையைப் பிடித்துப் பார்ப்பார். நரம்பு ஓடியிருந்தால் வைக்கலாம், இல்லையென்றால் கூமுட்டை.

கோழி செதில் செதிலாக மண்ணை வாரி மேலே போட்டுக்கொண்டு புரள்வதைப் பார்த்திருப்பீர்கள். அது விளையாட்டு இல்லை, பேனுக்கு வைத்தியம். ஈரம் காயாத இந்த ஊரில் புரளக் காய்ந்த மண் கிடைக்காது. அதனால் அடுப்புச் சாம்பலையும் மணலையும் கலந்து கூரைக்குக் கீழே குவித்து வைப்பார். "அது குளிக்கத் தண்ணி கேக்காதுடா, மண்ணுதான் கேக்கும்." கூண்டின் தரை ஈரமாக இருந்தால் குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கிருமியின் பெயர்தான் தெரியாது.

அவர் தோற்ற இடங்களும் உண்டு. முட்டையைக் கொத்திக் குடிக்கப் பழகிய கோழிக்கு, ஓட்டுக்குள் மிளகாய் அரைத்து நிரப்பி வைப்பாராம். கோழி அதையும் ரசித்துத் தின்றுவிடும். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை, காட்டுமிளகாயின் விதையைப் பரப்புவதே பறவைகள்தான். முட்டையைச் சுடச்சுட எடுத்துவிடுவதும், முட்டையிடும் இடத்தை இருட்டாக வைப்பதும், சுண்ணாம்புச் சத்துக்கு முட்டையோட்டை உருத்தெரியாமல் நொறுக்கித் தீவனத்தில் கலப்பதும்தான் பலன் தரும். அடை தெளிய மூக்கில் இறகு செருகுவார். அதைக் கேட்டாலே எனக்கு மூக்கு அரிக்கும். காற்றோட்டமான கம்பித் தரைக் கூண்டில் மூன்று நான்கு நாள் விட்டால் அடிவயிற்றுச் சூடு தணிந்து தானாகத் தெளிந்துவிடும்.

வெள்ளைக் கழிச்சலுக்கு மட்டும் அவரிடம் எதுவும் இல்லை. வேறு யாரிடமும் மருந்து இல்லை. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட இந்த நோய்க்கு நம் பக்கத்தில் ராணிக்கெட் என்று இமயமலை ஊர் ஒன்றின் பெயர். கழுத்து முறுக்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, ஒரே வாரத்தில் கம்பத்தையே காலி செய்துவிடும். முன்கூட்டியே போடும் தடுப்பூசி ஒன்றுதான் வழி.

இந்த அறிவெல்லாம் ஒரு நாளில் பயனற்றுப் போனது. வீவக அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த நாளைத்தான் சொல்கிறேன். சிலர் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய விமான நிலையச் சாலை வீட்டுக்கு 12 பிள்ளைகளோடு குடிவந்த ஒரு தம்பதி, சமையலறையில் ஒரு டஜன் கோழி, வாத்துகளை வளர்த்ததை லீ குவான் இயூ தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கூடத்துக்குள் நுழையாமல் இருக்க அந்தத் தாய் சமையலறை வாசலில் மரக்கதவு போட்டாராம். பிள்ளைகள் சாயங்காலம் புல்தரையில் மண்புழு தேடிப் போவார்களாம். அவர் அதைச் சொல்வது மக்கள் எவ்வளவு மெதுவாக மாறினார்கள் என்று காட்ட. எனக்கு அந்த மரக்கதவின் மேல்தான் கண். பாட்டி அப்படி எதுவும் முயலவில்லை, மாறும் முன்பு எல்லாவற்றையும் விற்றுவிட்டார், ஒரு கோழியைத் தவிர. அது அன்றிரவுக் குழம்பு.

பிறகு கோழிக்கும் அவருக்குமான உறவு தேக்காவில் மட்டும். உயிர்க்கோழியை இறக்கையோடு சேர்த்துப் பிடித்து மார்பெலும்பு நுனியை அமுக்கிப் பார்ப்பார், வளைந்தால் இளசு. 1990களின் தொடக்கத்தில் சந்தைகளில் கோழி அறுப்பது நின்றதும் அந்த வித்தையும் போனது. அதே சிராங்கூன் சாலையில் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் சேவற்கொடியோன் பெயரைச் சொல்லிக் காவடிகள் போகின்றன. கொடியில் இருப்பது கூவாதே.

2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூரின் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து, பெரும்பாலும் உயிரோடு, வந்துகொண்டிருந்தது. சிக்கன் ரைஸ் கடைகளில் ஒரே பேச்சு. அந்த மாதம்தான் தரைவீட்டில் இருக்கும் நண்பன் ஒருவன் கோழி வளர்க்கப்போவதாகக் கிளம்பினான். வீவக வீடுகளில் கூடாது. தரைவீட்டில், பிற பறவைகள் புகாத வலைக்கூண்டில், பத்து வரை வைத்துக்கொள்ளலாம். பாட்டியிடம் ஃபோனைக் கொடுத்தேன். அவர் சொன்ன முதல் விஷயம்: "முட்டைக்குச் சேவல் வேணாம் தம்பி. குஞ்சுக்குத்தான் வேணும்." அவனுக்கு அது செய்தி.

கம்பத்தில் எல்லார் வீட்டிலும் கோழி என்பதால் யாரும் புகார் செய்யவில்லை என்றுதான் நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். கம்பத்து வாழ்வு பற்றிய நம் ஏக்கக் கட்டுரைகள் எல்லாம் அப்படித்தான் சொல்கின்றன. பாதிதான் உண்மை. பத்துக் கோழிக்கு ஒரு சேவல், மிச்சச் சேவல் குரல் முற்றும் முன் சட்டிக்குப் போய்விடும். இதுதான் பாட்டியின் கணக்கு. கம்பத்தின் அமைதிக்குப் பின்னால் ஒரு கத்தி இருந்தது.

கூவலைக் கூண்டுமேல் துணி போட்டு நிறுத்த முடியாது. நாள் முழுக்க மங்கலான வெளிச்சத்திலேயே வைத்தாலும் சேவல் தன் உள்கடிகாரப்படி கூவுகிறது என்று நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். கூட்டத்தில் ஆதிக்க வரிசையில் முதலிடத்தில் இருக்கும் சேவல் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி தொடரும் என்பது 2015இல் வந்த அடுத்த ஆய்வு. ஒரு சேவல் கூவினால் அது விடியல். ஆறு சேவல் வரிசையில் நின்று கூவினால் புகார் மனு.

சின் மிங்கில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கோழிகளுக்குச் சொந்தக்காரர் இல்லை. தீனி போடப் பலர் இருந்தார்கள், எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை. காரணம் சத்தமல்ல, பறவைக் காய்ச்சல் அபாயம் என்று அப்போதைய தேசிய வளர்ச்சித் துணை அமைச்சர் கோ போ கூன் பின்னர் விளக்கினார். 2004இல் பறவைக் காய்ச்சல் கிளந்தான் வரை வந்ததைப் பார்த்த நாட்டில் அதை வெறும் சாக்கு என்று தள்ள என்னால் முடியவில்லை. ஆனால் செம்பருத்த காட்டுக்கோழி இந்தத் தீவின் சொந்தப் பறவை, உலகத்துக் கோழிகளின் மூதாதை. சாம்பல் காலும் காதோரம் வெள்ளைப் பொட்டுமாக இன்றும் புலாவ் உபினில் திரிகிறது. வீட்டுக்கோழியோடு அது கலந்துவிட்ட ஊரில் எது காட்டுப்பறவை, எது தொந்தரவு என்று யார் பிரிப்பது? 24ஐயும் ஒரே கணக்கில் எழுதியதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பாட்டிக்கு உறுத்துவது வேறு. "கொன்னாங்களே, ஒருத்தரும் திங்கலையே."

நண்பன் வாங்கியது மூன்று பெட்டைக் குஞ்சுகள் என்று நம்பி. ஐந்தாம் மாதம் ஒன்றுக்குக் கொண்டை சிவந்து, ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டது. அந்த வாரமே கதவிடுக்கில் பக்கத்து வீட்டுக்காரரின் கடிதம், ரொம்ப மரியாதையாக. பதறிப்போய்ப் பாட்டிக்கு அழைத்தான்.

"ஞாயித்துக்கெழம வர்றேன். சின்ன வெங்காயம் மட்டும் வாங்கி வை."

"பாட்டி, அதுக்குப் பிள்ளைங்க பேரு வச்சிட்டாங்க."

பாட்டி கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. ஃபோனை என்னிடம் நீட்டிவிட்டு, "பேரு வச்சா அப்புறம் எங்கிட்ட ஏன் கேக்குறான்?" என்றார்.