பத்திரத்திற்கு முன் பள்ளி

நல்ல பள்ளி அருகிலிருந்தால் வீட்டின் விலை உயரும் என்பது பொதுவிதி. தென் கொல்கத்தாவின் அகதிக் குடியிருப்புகளில் பள்ளியின் பங்கு இதனினும் அடிப்படையானது. 1947 பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தோர், ஜாதவ்பூரில் கைவிடப்பட்ட இராணுவ முகாமில் குடியேறினர். அதுவே பிஜய்கட் ஆயிற்று. நிலத்திற்குப் பத்திரமில்லை, எனவே முறையான விலையுமில்லை. வெளியேற்றப்படும் அச்சம் நீங்காத அக்காலத்திலேயே குடியிருப்புக் குழுக்கள் பள்ளிகளை நிறுவின. 1950இல் கல்லூரியும் தோன்றியது. அகற்றத்தக்க குடிசைத்தொகுதியை நிலைத்த ஊராகக் காட்டியவற்றுள் கல்விக்கூடம் முதன்மையானது. உரிமைப் பத்திரங்கள் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே வந்தன. இன்று அங்கு அடுக்குமாடி வீடுகள் விற்பனையாகின்றன.

ஆயினும், பள்ளி நிறுவும் படிப்பும் தொடர்புகளும் பெரும்பாலும் உயர்சாதி நடுத்தர வர்க்கத்தாரிடமே இருந்தன. அரசு முகாம்களிலிருந்து தண்டகாரண்யத்திற்கு அனுப்பப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதி அகதிகளுக்கு மாநகரில் மனையும் வாய்க்கவில்லை. அதன் விலையேற்றமும் வாய்க்கவில்லை.