பியானோ கலைஞர்களின் வருவாய்

பியானோ வாசிப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு மேடைக் கச்சேரி, பாடம் சொல்லித்தருதல், பக்கவாசிப்பு, இசைப்பதிவு, போட்டிப் பரிசு எனப் பல வழிகளில் பணம் வருகிறது. இவற்றுள் பேர் வாங்கித் தருவது கச்சேரி. வீட்டு வாடகையைக் கட்டுவது பெரும்பாலும் பாடம். மேதைகளின் கணக்கும் பல வேளைகளில் இப்படித்தான் இருந்திருக்கிறது.

1831இல் பாரிசுக்கு வந்து சேர்ந்த போலந்துக்காரரான ஷோப்பான், வாழ்நாள் முழுவதிலும் பொதுமேடையில் வாசித்தது ஏறத்தாழ முப்பது முறைதான். பெருங்கூட்டம் அவருக்கு ஒவ்வாது. பிரபு வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்லியே பிழைத்தார். ஒரு பாடத்துக்கு 20 பிராங்க். மாணவரின் வீடு தேடிப் போனால் 30. பணத்தைக் கையில் வாங்குவதில்லை, குளிர்காயும் அடுப்பின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். நம் ஊரில் வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுக்கும் தட்சிணையின் நாசூக்கு இதிலும் உண்டு. 1848 பிப்ரவரி 16 அன்று பிளெயல் மண்டபத்தில் அவர் வாசித்த கடைசிப் பாரிஸ் கச்சேரிக்கு டிக்கெட் விலையும் 20 பிராங்க்தான். அடுத்த வாரமே புரட்சி வெடித்தது. மாணவர்கள் சிதறினார்கள், வருவாய் நின்றது. லண்டனுக்குப் போய், பாடத்துக்கு ஒரு கினி என்று மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

கச்சேரியையே பெரும் வருவாயாக்கிக் காட்டியவர் லிஸ்ட். அதுவரை கச்சேரி என்றால் பாடகர்களும் வாத்தியக் குழுவும் கலந்துகொள்வது வழக்கம். வசூலில் அவர்களுக்கும் பங்கு போகும். லிஸ்ட் ஒற்றை ஆளாக மேடையேறினார். 1840இல் லண்டனில் இதற்கு 'ரிசைட்டல்' (ஒப்பித்தல்) என்ற பெயர் வைத்தபோது, பியானோவை எப்படி ஒப்பிப்பது என்று கேலி செய்தார்கள். கலைப் புதுமை என்று புகழப்படும் இது நல்ல வணிக யோசனையும்கூட. 1847இல், 35 வயதில், சம்பாத்தியத்துக்காக மேடையில் வாசிப்பதையே அவர் நிறுத்திவிட்டார். பிற்காலத்தில் வைமாரில் மாணவர்களிடம் காசு வாங்காமல் கற்பித்தார்.

அமெரிக்கப் பயணங்களில் பணம் போட்டவர்கள் பியானோ தயாரிப்பாளர்கள். கலைஞர் ஊர் ஊராக வாசித்தால் அவர்களுடைய வாத்தியம் விற்கும். ஸ்டைன்வே நிறுவனத்தின் ஆதரவுடன் 1872–73இல் சென்ற அன்டன் ரூபின்ஸ்டைன், 239 நாட்களில் 215 கச்சேரி வாசித்தார். ஒன்றுக்கு 200 டாலர். அதையும் தங்கமாகவே கேட்டு வாங்கினார். அந்தப் பணம் அவருடைய செல்வத்துக்கு அடித்தளமானது, ஆனாலும் இன்னொரு முறை போக அவர் இசையவில்லை. 1891இல் அதே நிறுவனம் பாதரெவ்ஸ்கிக்கு 80 கச்சேரிக்கு 30,000 டாலர் உறுதியளித்தது. பின்னாளில் போலந்தின் பிரதமரானவர் இவர்தான்.

உரிமைத்தொகை விஷயத்தில் ஏமாந்த கதைக்கு ரஹ்மானினாஃப் போதும். உலகமெங்கும் ரசிகர்கள் விடாமல் கேட்ட அவருடைய சி-ஷார்ப் மைனர் பிரெலூட் அவருக்குத் தந்தது 40 ரூபிள். ருஷ்யா பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் சேராததால் வெளிநாட்டு அச்சகங்கள் இஷ்டத்துக்கு அச்சிட்டு விற்றன. 1917 புரட்சிக்குப் பின் சொத்தை இழந்து நாட்டைவிட்டு வெளியேறியவர், 44 வயதுக்கு மேல் முழுநேர மேடைக் கலைஞரானதும் குடும்பத்தைக் காப்பாற்றத்தான்.

கேளிக்கை மேடையின் கணக்கே வேறு: 1955இல் லாஸ் வேகாஸ் ரிவியரா ஓட்டல் லிபராச்சேக்கு வாரம் 50,000 டாலர் கொடுத்தது. போட்டிகளிலும் இந்த வேறுபாடு தெரியும். வார்சாவின் ஷோப்பான் போட்டியில் 2021 முதல் பரிசு 40,000 யூரோ. டெக்சசின் வான் கிளைபர்ன் போட்டியில் 2022இல் 1,00,000 டாலர். இதைவிடப் பத்து மடங்கை, 10 லட்சம் டாலரை, 2019இல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் வென்றது அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில்.

சாதாரணக் கலைஞரின் பிழைப்பு இந்தத் தொகைகளுக்கு வெகு தொலைவில் நடக்கிறது. ஊமைப்படக் காலத்தில் திரையரங்குகளில் வாசித்தே பலர் வாழ்ந்தார்கள். பேசும்படம் வந்ததும் அந்த வேலை மறைந்தது. இன்று தேவாலயம், திருமண வரவேற்பு, ஓட்டல் முகப்பு, உல்லாசக் கப்பல் ஆகியவை உண்டு. சென்னையிலோ லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வது பியானோ ஆசிரியர்களுக்கு நிலையான வேலை. பாடகருக்குப் பக்கவாசிப்புச் செய்பவருக்கு வேறொரு சிக்கல்: நிகழ்ச்சிக்கு மட்டும் சன்மானம் பேசினால் ஒத்திகை நாட்கள் கணக்கில் வராது. விவரம் தெரிந்தவர்கள் ஒத்திகைக்கும் மணிக்கணக்கில் தனியாகப் பேசிவைத்துக்கொள்கிறார்கள்.