1943 வங்கப் பஞ்சம்: குற்றவாளி யார்?

வங்காளத்தில் 1943 ஆம் ஆண்டுப் பஞ்சத்தாலும் அதைத் தொடர்ந்த கொள்ளைநோய்களாலும் மாண்டவர்கள் 15 இலட்சம் பேர் என்று ஜான் உட்ஹெட் தலைமையிலான விசாரணைக் குழு கணக்கிட்டது. பின்வந்த ஆய்வாளர்கள் சிலர் 30 இலட்சம் வரை சொல்கின்றனர். நிலமற்ற கூலிகளும் மீனவர்களும் படகோட்டிகளுமே பெரும்பாலும் இறந்தனர். கிழக்கு வங்கத்தின் ஏழை முஸ்லிம் குடும்பங்கள் அவர்களுள் ஏராளம். இத்தனை உயிர்களுக்கும் ஒரு கொலையாளியைச் சுட்டிக்காட்ட முயன்றால், கை யார் பக்கம் நீட்டுவதென்று தெரியாமல் தடுமாறுகிறது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று; பர்மா அரிசி நின்றது. எதிரியின் கைக்குப் போய்விடக்கூடாதென்று கடலோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளை அரசு அகற்றியது. ஆறுகளே சாலைகளாயிருந்த நாட்டில் மீன்பிடித்தலும் நெல் போக்குவரத்தும் அதனால் முடங்கின. அக்டோபரில் மிதுனாபூரைப் புயல் அழித்தது. அண்டை மாகாணங்கள் தங்கள் தானியத்தை வெளியே விட மறுத்தன. போர்ச்செலவுக்காகப் பணம் பெருகியது, வணிகர் பதுக்கினர், அஞ்சிய இல்லத்தாரும் இரண்டு மூட்டை கூடுதலாக வாங்கி வைத்தனர். 1942 டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு (ஏறத்தாழ 37 கிலோ) 13, 14 ரூபாய்க்கு விற்ற அரிசி, 1943 ஆகஸ்டில் 37 ரூபாயைத் தொட்டது. கூலியாளின் வருமானம் அவ்வாறு உயரவில்லை. மொத்த விளைச்சலைக் காட்டிலும் வாங்கும் சக்தி வீழ்ந்ததே பெரிய காரணம் என்று அமர்த்தியா சென் 1981 இல் வாதிட்டது இதனால்தான்.

அன்றைய உணவு வழங்கல் அமைச்சர் ஹுசைன் ஷஹீத் சுஹ்ரவர்தி. அரிசிக்குப் பற்றாக்குறை இல்லை, பதுக்கலே காரணம் என்று அவர் அறிவித்தார். ஜூன் மாதம் பதுக்கலைத் தேடி அதிகாரிகள் கிராமங்களுக்குச் சென்றனர். பெருவணிகரின் கிடங்குகள் நிறைந்த கல்கத்தாவும் ஹவுராவும் அத்தேடலிலிருந்து விலக்கப்பட்டன. அரசின் கொள்முதல் முகவராக ஒரு முஸ்லிம் நிறுவனம் இருந்தது சட்டமன்றத்தில் வகுப்புச் சண்டையாக மாறிற்று. இலண்டனில் சர்ச்சிலின் அமைச்சரவை, கேட்ட தானியத்தில் சிறு பகுதியையே அனுப்ப இசைந்தது. கப்பல் இல்லை என்பது அதன் பதில். சர்ச்சிலைக் கண்டிக்க நமக்குத் தயக்கமில்லை. சுஹ்ரவர்தியைப் பற்றிப் பேசும்போது மட்டும் நம்மவர் குரல் தணிவதை நான் கவனித்திருக்கிறேன். அந்தப் பட்டினிக்கு ஆட்சியாளரின் மார்க்கம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

ஃபிக்ஹு அறிஞர்கள் நேரடியாகச் செய்பவனையும் (முபாஷிர்) காரணமாக அமைபவனையும் (முதஸப்பிப்) பிரித்துப் பார்த்தார்கள். பொதுவழியில் அனுமதியின்றிக் குழி தோண்டியவன், அதில் விழுந்து இறந்தவனுக்குப் பொறுப்பாளி. ஆனால் வேறொருவன் அவனை அதில் தள்ளியிருந்தால் பொறுப்பு தள்ளியவனையே சாரும். ஓர் உயிருக்கும் ஒரு குழிக்கும் இந்த அளவுகோல் துல்லியமானது. வங்காளத்திலோ ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு மண்வெட்டி மண் எடுத்தார்கள். எவனுடைய பங்கும் தனியே ஒருவனைக் கொல்லப் போதாது. ஒவ்வொருவனிடமும் ஒரு நியாயம் இருந்தது. அங்கே, தோண்டியவன் யார் என்ற கேள்விக்கு ஈடாக, மூடக் கூடியவன் யார் என்ற கேள்வியும் எழ வேண்டும். பர்ளு கிஃபாயா என்பதன் பொருளே அதுதான்: எவரும் நிறைவேற்றாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள், ஆற்றல் மிகுந்தவன்மீது சுமையும் மிகுதி.

ஹிஜ்ரி 18 இல் ஹிஜாஸைப் பஞ்சம் வாட்டியபோது உமர் (ரலி) அவர்கள் மழையின்மையைக் காட்டி ஒதுங்கிக்கொள்ளவில்லை. ஆளுநர்களுக்கு எழுதித் தானியம் வரவழைத்தார்கள். மக்கள் உண்ண முடியாத நெய்யைத் தாமும் தவிர்த்தார்கள். அக்காலத்தில் திருட்டுக்கான தண்டனையை நிறுத்தி வைத்ததாகவும் நூல்கள் கூறுகின்றன. திருடியவனின் கைக்குப் பின்னால் வேறு காரணம் இருப்பதை ஆட்சி தானே ஒப்புக்கொண்டது அது.

வங்காளத்தில் ஸ்டேட்ஸ்மன் நாளேடு ஆகஸ்ட் 22 அன்று தெருவில் கிடந்த உடல்களின் படங்களை வெளியிட்ட பிறகே வெளியுலகம் விழித்தது. அக்டோபரில் புதிய வைஸ்ராய் வேவல் கல்கத்தாவுக்கு வந்து பார்த்துவிட்டு இராணுவத்தை நிவாரணத்தில் இறக்கினார். மாதக்கணக்கில் முடியாது என்று சொல்லப்பட்ட போக்குவரத்து, சில வாரங்களில் நடந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வயல்களில் நல்ல விளைச்சல் அறுவடையானது. மரணக் கணக்கு உச்சத்தைத் தொட்டதும் அந்த டிசம்பரில்தான்.